செடியில் பூச்சி வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெட்டவெளியில் காய்கறிச் செடி வளர்ப்பவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. "பூச்சி வந்துவிட்டது, என்ன அடிக்கலாம்?" என்றுதான் முக்கால்வாசிப் பேர் ஆரம்பிக்கிறார்கள். என்ன பூச்சி என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை. எதிரி யாரென்று தெரியாமல் தெளிக்கிற மருந்து வேலை செய்வதில்லை, கூடவே நல்ல பூச்சிகளையும் கொன்றுவிடுகிறது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் மருந்தைவிட அடையாளம் காண்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

1. இலையில ஓட்டை ஓட்டையா இருக்கு. எந்தப் பூச்சின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பூச்சியைத் தேடுவதற்கு முன்னால் சேதத்தைப் பாருங்கள். செடியைத் தாக்குபவை இரண்டு கூட்டம். ஒன்று கடித்துத் தின்பது, இன்னொன்று சாறு உறிஞ்சுவது. ஓட்டை, கிழிந்த ஓரம், நரம்பு மட்டும் மிஞ்சிய இலை என்றால் கடிக்கும் கூட்டம்: புழு, வண்டு, வெட்டுக்கிளி. இலை சுருள்வது, வெளிறிய புள்ளி விழுவது, பிசுபிசுப்பது, குருத்து குறுகிப்போவது என்றால் உறிஞ்சும் கூட்டம்: அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன், தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி, சிலந்திப்பேன். இந்த ஒரு பிரிவைச் சரியாகச் செய்தாலே தேவையில்லாத மருந்துகளில் பாதி கழிந்துவிடும்.

அப்புறம் தடயங்கள். இலை மேல் கரும்பச்சை உருண்டைகளாக எச்சம் கிடந்தால் புழு பக்கத்தில்தான் இருக்கிறது, எச்சத்துக்கு நேர் மேலே உள்ள இலையைத் திருப்பிப் பாருங்கள். காய்ந்த பளபளப்பான கோடு இருந்தால் வந்தது பூச்சியே இல்லை, நத்தை. இலைக்குள்ளேயே வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போனால், இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் ஒரு சின்னப் புழு தின்றுகொண்டே போகிறது என்று அர்த்தம். அதற்கு அந்த இலைகளைக் கிள்ளி எடுத்தாலே பெரும்பாலும் போதும்.

2. தினமும் பார்க்கிறேன், ஒரு பூச்சிகூடக் கண்ணுல படலை. ஆனா செடி மோசமாகிட்டே போகுது.

இலையின் மேல்பக்கத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். வெள்ளை ஈ, சிலந்திப்பேன், அசுவினி, புழுக்களின் முட்டைக் குவியல் எல்லாம் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். வெயிலும் மழையும் நேராகப் படாத இடம் அது. வாரம் இரண்டு முறையாவது ஒவ்வொரு செடியிலும் அடியிலை, நடு இலை, குருத்து என்று மூன்று இடத்தில் இலையைத் திருப்பிப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவற்றுக்கு ஒரு சுலபமான சோதனை: வெள்ளைக் காகிதத்தைக் கிளைக்கு அடியில் பிடித்துக்கொண்டு கிளையைப் பலமாகத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகளில் ஏதாவது நகர்கிறதா என்று பாருங்கள். நீளமாக, சுறுசுறுப்பாக ஓடினால் இலைப்பேன். உருண்டையாக, மெதுவாக ஊர்ந்தால் சிலந்திப்பேன். பகலில் எதுவுமே கிடைக்கவில்லை, ஆனால் ஓட்டை மட்டும் கூடுகிறது என்றால் இருட்டியபின் டார்ச்சோடு போங்கள். 9-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

3. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி எல்லாமே எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. என்ன வித்தியாசம்?

அசுவினி இளம் குருத்திலும் பூமொட்டிலும் கூட்டமாக அப்பியிருக்கும். பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று நிறம் மாறும், ஆனால் எல்லாவற்றுக்கும் பின்பக்கத்தில் இரண்டு சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸில் அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். பெண் அசுவினி ஆண் துணையில்லாமலே குட்டி போடும், வெதுவெதுப்பான காலத்தில் அந்தக் குட்டி ஒரு வாரத்திலேயே தாயாகிவிடும். 'நேற்று நாலு இருந்தது, இன்று குருத்தே தெரியவில்லை' என்று பலர் சொல்வது அதனால்தான்.

வெள்ளை ஈ செடியை ஆட்டியதும் சிறு வெள்ளைப் புகையாகப் பறந்து, திரும்ப வந்து உட்காரும். அதன் குஞ்சுகள் பறக்காது, இலையடியில் தட்டையாக ஒட்டிக்கிடக்கும். மாவுப்பூச்சி பஞ்சு ஒட்டியது போல இலைக்காம்பின் இடுக்கிலும் கணுவிலும் இருக்கும், தொட்டால் மெதுவாக நகரும். ஒன்றைக் கவனியுங்கள்: அசுவினி தோலுரித்த வெள்ளைச் சட்டைகள் இலைமேல் கிடப்பதைப் பார்த்து வெள்ளை ஈ என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஊதிப் பாருங்கள், சட்டை காற்றில் போய்விடும்.

4. எறும்பு சாரை சாரையா ஏறுது. எறும்புதான் செடியைத் தின்னுதா?

பெரும்பாலும் இல்லை. அசுவினியும் மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் சாற்றை அளவுக்கு மீறி உறிஞ்சி, மிச்சச் சர்க்கரையைத் தேன் போன்ற துளியாக வெளியே விடுகின்றன. எறும்பு வருவது அந்தத் துளிக்கு. சும்மா குடித்துவிட்டுப் போனால் பரவாயில்லை. அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டையும் மற்ற நல்ல பூச்சிகளையும் அது விரட்டிவிடுகிறது. அதனால் எறும்பு வரிசையை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு, அது போய் நிற்கும் இடத்தைத் தேடுங்கள்.

எறும்பைத் தடுத்தாலே சில வாரங்களில் அசுவினி தானாகக் குறைவதுண்டு. தண்டைச் சுற்றி ஒரு துணிப்பட்டையோ ஒட்டும் நாடாவோ கட்டி அதன்மேல் பிசின் தடவலாம். பிசினை நேராகத் தண்டில் தடவ வேண்டாம். வேறு இலையோ குச்சியோ தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்த வழியில் ஏறிவிடும், அதையும் வெட்டிவிடுங்கள்.

5. இலை மேல கரி பூசின மாதிரி கறுப்பா படியுது. இது என்ன நோய்?

மேலே சொன்ன தேன் துளியின் மேல் வளரும் பூஞ்சணம். அது செடிக்குள் நுழைவதில்லை, வெளிச்சத்தை மட்டும் மறைக்கும். பூஞ்சண மருந்து தேவையில்லை. மேல் இலைகளின் அடியில் இருக்கும் உறிஞ்சும் பூச்சியைக் கட்டுப்படுத்திவிட்டு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

6. மிளகாய்ச் செடி இலை சுருண்டுகிட்டே இருக்கு. என்ன போட்டாலும் நிக்கலை.

சுருட்டலிலேயே வகை இருக்கிறது. இலையின் இரண்டு ஓரமும் மேல்நோக்கிப் படகு போல மடிந்து, அடியில் வெள்ளிக் கீறலும் கறுப்புப் புள்ளியும் தெரிந்தால் இலைப்பேன். ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, இலை குறுகித் தடித்து, காம்பு மட்டும் நீண்டு போயிருந்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி. இது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சிலந்திகளுக்கு எட்டுக் கால், பூச்சி இனமே இல்லை. ஆகவே இலைப்பேனுக்கான மருந்து இதற்குக் கேட்காமல் போவதில் வியப்பில்லை. முரணைச் சிலந்திக்கு நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகப் பொடி, நல்ல பலன் தரும். ஆனால் கொளுத்தும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். எண்ணெய்க் கரைசல் அடித்து இரண்டு வாரம் கழியாமல் கந்தகம் அடிக்காதீர்கள். கொடிவகைக் காய்களுக்குக் கந்தகம் ஒத்துக்கொள்வதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாவது ஒன்று உண்டு. இலை சுருண்டு, சிறுத்து, நரம்பு வெளிறி, செடியே குட்டையாகி நின்றுவிட்டால் அது வைரஸ். வெள்ளை ஈயோ அசுவினியோ கொண்டுவந்து விட்டிருக்கும். வைரஸ் வந்த செடிக்கு மருந்து கிடையாது. எவ்வளவு ஆசையாக வளர்த்திருந்தாலும் பிடுங்கிவிடுங்கள், அது நிற்கிறவரை பக்கத்துச் செடிகளுக்கு ஆபத்து. ஏற்கெனவே சுருண்ட இலை எந்த மருந்துக்கும் நிமிராது என்பதையும் சொல்ல வேண்டும். மருந்து வேலை செய்ததா என்று புதிதாக வரும் குருத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய இலையைப் பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தெளிப்பவர்கள் நிறையப் பேர்.

7. சிவப்புச் சிலந்திக்குப் பூச்சிமருந்து அடிச்சேன். முன்னைவிட அதிகமாயிடுச்சே, ஏன்?

சிவப்புச் சிலந்தி என்பது சிலந்திப்பேன்தான். இது நீங்கள் மட்டும் பார்த்ததில்லை. பல பூச்சிமருந்துகள், குறிப்பாகச் செயற்கைப் பைரித்ராய்டு வகைகள், சிலந்திப்பேனைச் சரியாகக் கொல்வதில்லை. ஆனால் அதைத் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்திகளையும் சின்ன வண்டுகளையும் துடைத்துவிடுகின்றன. காவல் போனதும் பெருக்கம் கட்டுக்கடங்காமல் போகிறது. 30 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து பெரியதாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும்.

வெப்பமும் வறட்சியும் தூசியும் அதற்குப் பிடித்தவை. காலையில் இலையின் அடிப்பக்கம் நன்றாகப் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம் தொடர்ந்து. வலை கட்டிய, நிறம் வெளுத்த இலைகளை முதலிலேயே கிள்ளிவிடுங்கள். மெல்லிய வலை தெரியும் நிலை வந்துவிட்டால் தாமதம்தான், ஆனாலும் தண்ணீரும் சோப்புக் கரைசலும் சேர்ந்து இதைத் தணிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

8. கத்தரியில கிளை நுனி மட்டும் தலை தொங்குது. தண்ணி போதலையா?

தண்ணீர் குறைந்தால் செடி முழுக்க வாடும். ஒன்றிரண்டு கிளை நுனி மட்டும் தொங்கினால் உள்ளே தண்டு துளைப்பான் புழு இருக்கிறது. தொங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே பாருங்கள், எச்சத்தால் அடைத்த ஒரு சின்னத் துளை தெரியும். இதே புழுதான் பிறகு காய்க்குள் போகும். தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் பத்திரமாக இருப்பதை வெளியில் தெளிக்கும் மருந்து தொடுவதில்லை. இந்த ஒரு பூச்சிக்குத்தான் மக்கள் வாரத்துக்கு வாரம் வீணாகத் தெளிக்கிறார்கள்.

வேலை செய்வது கத்தரிக்கோல். தொங்கும் நுனியை, துளைக்கு இரண்டு விரல்கடை கீழே வரை வெட்டி அழித்துவிடுங்கள். செடிக்கு அடியில் போட்டுவிட்டால் புழு கூட்டுப்புழுவாகித் திரும்பி வரும். ஓட்டை விழுந்த காய்களையும் அப்படியே. பூக்க ஆரம்பிக்கும் முன்பே இதைத் தொடங்கினால் காய்ச் சேதம் வெகுவாகக் குறையும். இந்தப் புழுவின் அந்துப்பூச்சிக்கென்றே இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணைப் பிடிப்பது) கிடைக்கிறது, அதுவும் கைகொடுக்கும்.

9. நேத்து நட்ட நாத்து காலையில தரையோட வெட்டி விழுந்து கிடக்கு. எலியா?

வெட்டுப்புழுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பகலில் மண்ணுக்குள் சுருண்டு கிடக்கும், ராத்திரி வந்து தண்டை அறுக்கும். விழுந்த நாற்றைச் சுற்றி ஒரு அங்குல ஆழம் மண்ணைக் கிளறினால் ஆளே கிடைத்துவிடும். அடி நீக்கிய காகிதக் கோப்பையை நாற்றைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும்படி வைத்தால் மற்ற நாற்றுகள் பிழைக்கும்.

பெரிய செடியில் ராத்திரியோடு ராத்திரியாக இலை காலியானால் புகையிலை வெட்டுப்புழு என்கிற புரோடீனியாவைச் சந்தேகியுங்கள். இதன் தாய் இலையடியில் நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, பழுப்பு ரோமத்தால் மூடிவைக்கும். அந்த ஒரு இலையைக் கிள்ளினால் நூற்றுக்கணக்கான புழுக்கள் போயிற்று. இதைவிட லாபமான வேலை தோட்டத்தில் வேறு இல்லை. ஓரத்தில் ஆமணக்கு நட்டால் முட்டையிட அங்கே போகும், ஆனால் அந்த ஆமணக்கு இலைகளைத் தவறாமல் பார்த்து முட்டையை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நீங்களே பூச்சியை வளர்த்தது போல ஆகிவிடும்.

10. தக்காளிக்குள்ள புழு தலையை விட்டுகிட்டு நிக்குது. மருந்து அடிச்சா போயிடுமா?

பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே என்று நிற்பது காய்ப்புழு. ஒரே காயோடு நிற்காது, ஒன்றைக் கெடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். ஆகவே ஓட்டைக் காய்களைப் பறித்து அழிப்பது முதல் வேலை. முட்டையிலிருந்து வந்த சிறு புழு இலையைக் கொறிக்கும் நாட்கள்தான் மருந்துக்கு ஏற்ற நேரம். பெரிதாகிக் காய்க்குள் போனபின் தெளித்துப் பயனில்லை.

சிறு புழுக்களுக்கு பி.டி. எனப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாப் பொடி நன்றாக வேலை செய்யும். புழு அதைத் தின்றால்தான் சாகும், மேலே பட்டால் ஒன்றும் ஆகாது. அதனால் இலையின் இரண்டு பக்கமும் படத் தெளிக்க வேண்டும். தின்ற சில மணி நேரத்தில் புழு சாப்பிடுவதை நிறுத்திவிடும், சாக இரண்டு மூன்று நாள் ஆகலாம். 'அடுத்த நாளும் உயிரோடு இருக்கிறதே' என்று பதறி மேலே வேறு மருந்து அடிக்காதீர்கள். வெயில் இதைச் சீக்கிரம் செயலிழக்கச் செய்யும், எனவே சாயங்காலத் தெளிப்பு. அசுவினி போன்ற உறிஞ்சும் கூட்டத்தின் மேல் இதற்கு வேலை இல்லை.

தக்காளிக்கு நடுவே செண்டுமல்லி வைப்பதும் பலன் தரும், ஒரு நிபந்தனையோடு. தக்காளி பூக்கும்போது அதுவும் பூத்திருக்க வேண்டும். அதனால் தக்காளி நாற்றைவிட வயது கூடிய செண்டுமல்லி நாற்றாக நடுங்கள். முட்டை அந்தப் பூவுக்குப் போகும்.

11. பாகல், பீர்க்கு பிஞ்சு எல்லாம் கோணலாகி மஞ்சளாகி விழுது.

பழ ஈ. பிஞ்சிலேயே ஊசி குத்தி முட்டையிட்டுவிடும், உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளியும். மகரந்தம் சேராத பிஞ்சும் மஞ்சளாகி விழும், ஆகவே ஒன்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே புழு இல்லையென்றால் பூச்சிமேல் பழி போட வேண்டாம்.

புழு இருந்தால், விழுந்த காய் எதையும் தரையில் விடாதீர்கள். புழு காயிலிருந்து இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். செடியடி மண்ணை அவ்வப்போது கிளறிவிட்டால் அவை வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். பிஞ்சு விரல் அளவு வந்ததும் காகிதப் பை மாட்டுவது சில கொடிகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு மிகச் சிறந்த வழி. கொடிக்காய்ப் பழ ஈக்குக் கியூ லூர் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி வாங்குங்கள். மா மரத்துப் பழ ஈக்கான மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள் இந்த ஈயை இழுக்காது.

12. பொறிவண்டு நல்லதுன்னு சொல்றாங்க. ஆனா என் கத்தரி இலையை அதுதான் தின்னுது!

நீங்கள் பார்த்தது அதன் குடும்பத்திலேயே இலை தின்னும் எபிலாக்னா வண்டு. பூச்சி தின்னும் பொறிவண்டின் முதுகு மெருகேற்றியது போலப் பளபளக்கும். எபிலாக்னா மங்கலாக, நுண்ணிய ரோமம் படர்ந்து இருக்கும், புள்ளிகளும் அதிகம், சில வகையில் 28 வரை. அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முள்ளோடு இருக்கும். இலையில் நரம்பு மட்டும் சல்லடையாக மிஞ்சியிருந்தால் இதுதான். காலையில் மந்தமாக இருக்கும்போது கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இலையடியில் நட்டுவைத்தது போலக் கூட்டமாக நிற்கும் மஞ்சள் முட்டைகளைக் கண்டால் அவசரப்படாதீர்கள், இரண்டு வண்டும் அப்படித்தான் இடும். பக்கத்தில் அசுவினி இருந்தால் விட்டுவைப்பது நல்லது.

13. அப்போ எதைக் கொல்லக் கூடாதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வளர்ந்த பொறிவண்டு எல்லோருக்கும் தெரியும். அதன் புழுவைத்தான் தெரியாமல் நசுக்கிவிடுகிறார்கள். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகளோடு, சின்ன முதலை மாதிரி நீளமாக, வேகமாக நடக்கும். அசுவினிக் கூட்டத்துக்குள் கால் இல்லாத பச்சைப் புழு ஒன்று தலையை ஆட்டித் துழாவிக்கொண்டிருந்தால் அது மிதவை ஈயின் புழு, அசுவினியைத்தான் தின்கிறது. மெல்லிய நூலின் நுனியில் நிற்கும் வெள்ளை முட்டைகள் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை. சிலந்தி, கும்பிடுபூச்சி, தட்டான் எதையும் தொட வேண்டாம்.

அசுவினிகளில் சில பழுப்பாக அல்லது பொன்னிறமாக உப்பி, அசையாமல் ஒட்டியிருந்தால் அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. அந்த உப்பிய தோல்களில் வட்டமான சின்ன ஓட்டை தெரிந்தால் குளவி வெளியே வந்து வேலையை ஆரம்பித்துவிட்டது. அப்போது மருந்து அடிப்பது பெரிய நஷ்டம். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

நல்ல பூச்சி எவ்வளவு செய்யும் என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு சரித்திரம். கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளை ஒரு பஞ்சுச் செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, அது வந்த நாடான ஆஸ்திரேலியாவிலிருந்தே ஒரு பொறிவண்டை 1888-89-இல் கொண்டுவந்து விட்டார்கள். மிகச் சீக்கிரத்தில் தோப்புகள் மீண்டன.

14. மாவுப்பூச்சிக் கூட்டத்துல ஒண்ணு மட்டும் பெரிசா, வேகமா ஓடுது. அது தாய்ப்பூச்சியா?

தாய் இல்லை, அதைத் தின்ன வந்தது. கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு, இரையைப் போலவே வெள்ளைப் பஞ்சு போர்த்திக்கொண்டு திரியும். மாவுப்பூச்சியைவிட இரண்டு மடங்கு பெரிதாக, நீண்ட பஞ்சு இழைகளோடு, தொட்டால் ஓடுவதாக இருந்தால் அதுதான். அந்தச் செடியில் எதையும் தெளிக்காதீர்கள்.

15. வேப்பெண்ணெய் எவ்வளவு கலக்கணும்? அடிச்சும் பூச்சி சாகலையே?

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெய் தண்ணீரில் கலக்காது, எனவே முதலில் எண்ணெயோடு ஒரு மில்லி அளவு திரவ சோப்பைக் குழைத்து, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் பால் போல ஆகும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அடிக்காதீர்கள், அந்தப் படலம் விழுந்த இலை கருகும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். எண்ணெய்க்குப் பதில் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டியும் தெளிக்கலாம்.

வேம்பு உடனே கொல்லும் மருந்து இல்லை. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கும், தோலுரித்து வளர்வதைக் குலைக்கும். அதனால் பலன் தெரிய ஒரு வாரமாவது ஆகும், 7 முதல் 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிக்க வேண்டும். குஞ்சுப் பருவத்தில் நன்றாகக் கேட்கும், முழு வளர்ச்சி அடைந்ததில் அவ்வளவாகக் கேட்காது. தெளிக்கும் நேரம் சாயங்காலம்தான்.

16. பாத்திரம் கழுவுற சோப்பை அடிக்கலாமா?

பூச்சிக்கென்று விற்கும் பொட்டாசியம் சோப்பு இருந்தால் அதுதான் நல்லது. பாத்திரச் சோப்பிலும் துணி சோப்பிலும் இருக்கும் சேர்மானங்கள் இலையின் மெழுகுப் பூச்சை எடுத்துவிடும். எதுவானாலும் இரண்டு இலையில் தெளித்து ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு மீதிச் செடிக்குப் போங்கள்.

சோப்பு ஈரமாக இருக்கும்வரைதான் கொல்லும். காய்ந்தபின் அதன்மேல் வந்து உட்காரும் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. அதாவது பூச்சியின் மேலேயே படவேண்டும், இலையடியில் படவேண்டும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும், மழைத்தண்ணீர் சரியாக இருக்கும்.

17. பூண்டு, மிளகாய், புகையிலை கரைசல் எல்லாம் நம்பலாமா?

பூண்டு, மிளகாய்க் கரைசல் கொஞ்ச நாள் விரட்டும். ஏற்கெனவே பெருகிவிட்ட கூட்டத்தை அழிக்காது. புகையிலை வேண்டவே வேண்டாம் என்பேன். 'இயற்கை' என்ற பெயரில் பலர் பயமில்லாமல் கொதிக்கவைக்கிறார்கள், ஆனால் நிகோட்டின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும் கடும் விஷம். தேனீயையும் கொல்லும். போதாக்குறைக்கு, புகையிலையோடு வரும் மொசைக் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றக்கூடியது.

18. மஞ்சள் அட்டை மாட்டினேன். நிறைய ஒட்டுது, ஆனா செடியில குறையலை.

அட்டை முதலில் ஒரு உளவாளி. எந்தப் பூச்சி வந்திருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லும். பறப்பவை மட்டும்தான் ஒட்டும், இலையடியில் இருக்கும் குஞ்சுகள் அங்கேயேதான் இருக்கும். வெள்ளை ஈக்கும் சிறகுள்ள அசுவினிக்கும் மஞ்சள், இலைப்பேனுக்கு நீலம் நன்றாக இழுக்கும். செடியின் உச்சியை ஒட்டிய உயரத்தில் மாட்டுங்கள். நல்ல பூச்சிகளும் ஒட்டும் என்பதால் தேவை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

இனக்கவர்ச்சிப் பொறி ஆண்களை மட்டுமே இழுக்கும். பொறியில் ஆண் விழ ஆரம்பித்தால் முட்டை வரப்போகிறது என்று அர்த்தம், இலைகளைத் திருப்பிப் பார்க்கத் தொடங்குங்கள். விளக்குப் பொறியை ராத்திரி முழுக்க எரியவிட்டால் நல்ல பூச்சிகளும் சாகும், இருட்டியதும் சில மணி நேரம் போதும்.

19. ஒரே மருந்து முதல்ல நல்லாக் கேட்டுச்சு. இப்போ அளவைக் கூட்டியும் கேட்கலை.

முதல் தடவை தப்பிப் பிழைத்தவைதான் இப்போது பெருகியிருக்கின்றன, அவற்றின் குஞ்சுகளுக்கும் அந்தத் தாங்கும் சக்தி உண்டு. அளவைக் கூட்டினால் அந்தத் தேர்வு இன்னும் கடுமையாகும். வேறு பெயர் கொண்ட மருந்து வாங்குவதும் போதாது, பெயர் வேறாக இருந்தும் செயல்படும் விதம் ஒன்றாக இருக்கலாம். லேபிளில் செயல் பிரிவு எண் இருந்தால் அது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அசுவினி, வெள்ளை ஈ, சிலந்திப்பேன் போல வேகமாகத் தலைமுறை மாறும் பூச்சிகளில் இந்த எதிர்ப்பு சீக்கிரம் வரும். சோப்பு, எண்ணெய், தண்ணீர் பீய்ச்சுவது போன்றவற்றுக்கு எதிர்ப்பு வருவது அபூர்வம். அதனால்தான் அவற்றை முன்னால் வைக்கிறேன்.

20. ரசாயனம் அடிக்கவே கூடாதா? அடிச்சா காயை எப்போ பறிக்கலாம்?

கூடாது என்று சொல்லமாட்டேன், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அந்தப் பயிருக்கும் அந்தப் பூச்சிக்கும் என்று லேபிளில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். தெளித்ததற்கும் பறிப்பதற்கும் நடுவே எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் அதே லேபிளில் இருக்கும், அது மருந்துக்கு மருந்து மாறும். கழுவினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். சில மருந்துகள் செடியின் சாற்றோடு கலந்து உள்ளேயே ஓடுபவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கும் வெண்டை போன்ற செடிக்கு நீண்ட காத்திருப்பு உள்ள மருந்து பொருந்தவே பொருந்தாது.

21. பூத்திருக்கும்போது தெளிக்கலாமா?

தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் தேனீக்கள் வேலையை முடித்துத் திரும்பிய பிறகு, சாயங்காலம், பூவின்மேல் படாமல். இமிடாகுளோபிரிட் போன்ற நியோனிகோட்டினாய்டுகள் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேர்பவை, எந்த நேரத்தில் அடித்தாலும் ஆபத்து நீங்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இவற்றில் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது தேனீக்களுக்காகத்தான். பூசணி, பாகல் எல்லாம் தேனீ வராவிட்டால் காய்க்காது.

22. உரம் நல்லாப் போட்டா செடி பூச்சியைத் தாங்கும்தானே?

அளவோடு போட்டால். தழைச்சத்து மிகுந்தால் செடி கரும்பச்சையாக, மென்மையாக, கொழுத்து நிற்கும், அசுவினிக்கு அதைவிடப் பிடித்த இடம் இல்லை. ஒவ்வொரு முறையும் யூரியா போட்ட பின்பே அசுவினி வருகிறது என்று யாராவது சொன்னால் நான் வியப்பதில்லை.

23. பிடுங்கின செடியைக் கம்போஸ்ட்ல போடலாமா? வாங்கின புது நாத்தை உடனே வைக்கலாமா?

உள்ளே நன்றாகச் சூடேறும் பெரிய குவியல் என்றால் போடலாம். சூடேறாத சின்னத் தொட்டியில் முட்டையும் கூட்டுப்புழுவும் பிழைத்துவிடும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி சில நாள் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு சேருங்கள். புது நாற்றை இரண்டு வாரம் தனியாக வைத்து, 2-ஆம் பதிலில் சொன்ன காகிதச் சோதனையைச் செய்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. மாவுப்பூச்சி பல தோட்டங்களுக்கு வருவது அந்த வழியில்தான்.

24. ஒரே செடியில அசுவினி, புழு, சிலந்திப்பேன் மூணும் இருக்கு. எதுல ஆரம்பிக்கிறது?

முதலில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பத்து இலையில் ஒன்றில் ஓட்டை இருந்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது, வளர்ந்த செடி அந்த இழப்பைத் தாங்கும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் நேரத்திலும் அந்தப் பொறுமை குறைவாகத்தான் இருக்க முடியும். வைரஸ் பரப்பும் வெள்ளை ஈக்கு மட்டும் பொறுமையே வேண்டாம், நாலைந்து தெரிந்தாலே இறங்குங்கள்.

மூன்றும் அதிகம் என்றால் முதல் நாள் புழுவையும் முட்டையையும் கையால் எடுங்கள், மோசமான இலைகளைக் கிள்ளுங்கள். மறுநாள் காலை இலையடியில் தண்ணீர் பீய்ச்சுங்கள், அசுவினியும் சிலந்திப்பேனும் ஒன்றாகக் குறையும். இரண்டு நாள் கழித்து நல்ல பூச்சி ஏதாவது வந்திருக்கிறதா என்று 13-ஆம் பதிலை வைத்துப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் சாயங்காலம் சோப்பு அல்லது வேப்பெண்ணெய், இரண்டில் ஒன்று. புழு இன்னும் இருந்தால் பி.டி. தனியாக வேறொரு சாயங்காலம். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கலந்து ஒரே நாளில் அடித்தால் எது வேலை செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, இலை கருகினால் எதனால் என்றும் தெரியாது.